தோளுக்கு மேல் வளர்ந்த பேரன்

மகள் வயிற்றுப் பேரன் எங்கள் வீட்டில்தான் வளர்கிறான். மருமகனுக்கு வளைகுடாவில் வேலை. மகள் அம்பாசமுத்திரத்தில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்தே பையன் சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில், என்னோடும் ஆச்சியோடும் இருக்கிறான். மகள் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து தங்குவாள். இப்போது அவன் பிளஸ் ஒன் முடித்துவிட்டான். என்னைவிட நாலு விரற்கடை உயரம். எங்கள் பழைய வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் வர வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட, பேரன் பேத்திகளைத் தாத்தா ஆச்சிகள் வளர்க்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. சின்னப் பிள்ளையாக இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. பதின்மூன்று வயது தொடங்கியதும்தான் தவிப்பு ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அந்த வருடங்கள் எப்படிப் போயின, எது கைகொடுத்தது என்று எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரனைப் பற்றிப் பெருமை இல்லாத தாத்தா கிடையாது. ஆனால் அந்தப் பெருமையை வாயால் சொன்னால் அந்த வயதுப் பையன் கூசிப்போகிறான். அதையே ஒரு பொறுப்பாகக் கையில் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்கிறான். நான் இரண்டாவது கட்சி. ஆச்சி முதல் கட்சி. பால்காரரிடம், பூக்காரியிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடப் பேரன் கணக்கில் எடுத்த மார்க்கைச் சொல்லிவிடுவாள். "ஆச்சி, போதும் ஆச்சி. ஊர் பூராவும் சொல்லுதீய" என்று அவன் உள்ளே ஓடிவிடுவான். அவள் நிறுத்தியபாடில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் அப்படி ஒரு ஆள் இருக்கட்டும்.

பதின்மூன்றில் பசி ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய சோறு, அப்புறம் தோசை, ராத்திரி மறுபடி முழுச் சாப்பாடு. ஒரே வருடத்தில் எட்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்தான். இது என்ன வளர்த்தி என்று மகளிடம் கேட்டோம். "அந்த வயசுல அப்படித்தான்ப்பா. கை கால் முதல்ல நீளும், உடம்பு பின்னால வந்து சேரும். நடுவுல எதைத் தொட்டாலும் தட்டிவிடுவான். கவனமில்லைன்னு திட்டாதீய" என்றாள். சொன்ன மாதிரியே செம்பு உருண்டது, டம்ளர் உடைந்தது. திட்டவில்லை.

ஆச்சி அவள் வழியில் இறங்கினாள். வாரம் ஒரு நாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். இன்னொரு நாள் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி. "வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளைக்கு மட்டும்தான் களி கிண்டணுமா? பையனுக்கும் எலும்பு வளரத்தானே செய்யுது" என்பது அவள் வாதம். தினம் ஒரு முட்டை என்பது மகள் போட்ட உத்தரவு. நான் செய்தது ஒன்றுதான். பேன்ட் தைக்கக் கொடுக்கும்போது கால் நுனியில் உள்ளே நாலு அங்குலம் மடிப்பு விடச் சொல்லிவிடுவேன். தையல்காரர் முனங்குவார். ஆனால் வருட நடுவில் இரண்டு தடவை பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

பதினான்கில் பேச்சு நின்றது. 'ம்', 'தெரியாது', 'ஒண்ணுமில்ல' என்று மூன்றே பதில். ஆச்சி கலங்கிப்போய், யாரும் கண் வைத்திருப்பார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளைத் தபால் நிலையத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவன் நான். மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு யாரும் மனசில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். அதே ஆள் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

பையனிடமும் அதுதான் பலித்தது. "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னய்யா நடந்தது" என்று முகத்துக்கு நேரே கேட்டால் ஒரு வார்த்தை பெயராது. வயலில் தண்ணீர் பாயும் வாமடையை அடைக்கும்போது, தேங்காய் உரிக்கும்போது, ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவனாகவே பேசுவான். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் இருக்க வேண்டும், கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அதனால் அவன் உதவி தேவையில்லாத வேலைக்குக்கூடக் கூப்பிட ஆரம்பித்தேன்.

பேச்சைத் தொடங்க எங்களுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. அணை நீர்மட்டம். தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்குக் காலையில் காபிக்கு அடுத்து அதுதான். பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118. நான் பேப்பரில் பார்ப்பேன், அவன் போனில் பார்ப்பான். "தாத்தா, ராத்திரி மூணு அடி ஏறியிருக்கு" என்பான். மலையில் எங்கே மழை, சேர்வலாற்றில் எவ்வளவு, கார் என்கிற முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் விடுவார்களா என்று அங்கிருந்து பேச்சு நீளும். சில நாள் அணையில் ஆரம்பித்து, வகுப்பில் ஒரு வாத்தியார் அவனை எல்லார் முன்னாலும் கேலி செய்ததில் போய் முடியும். அதை நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். கேட்டுவிட்டு நான் உடனே தீர்ப்பும் சொல்வதில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்பேன்.

தூக்கமும் போனும் எல்லா வீட்டிலும் உள்ள சண்டை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் நாலரைக்கு எழுந்திருக்கிறவன். அவன் விடுமுறை நாளில் எட்டுக்கு எழுந்திருப்பான். சோம்பேறித்தனம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் பின்னால் தள்ளிப்போகிறது, ஆனாலும் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மகள் விளக்கினாள். அவன் போய்க்கொண்டிருந்த ஒரு டியூஷனில் காலை ஐந்தரைக்கு வகுப்பு. அதை நிறுத்தி, சாயங்கால வகுப்புள்ள இடத்தில் சேர்த்தோம். மார்க் குறையவில்லை, முகம் தெளிந்தது. போனுக்கு ஒரே சட்டம்தான்: சார்ஜர் பட்டாசாலையில், அதாவது கூடத்தில் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் அங்கே வந்துவிட வேண்டும். என் போனும், ஆச்சி போனும் சேர்த்து. ஆச்சிக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.

இனி வயல் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரியும் கால்வாய் அது. பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி இருக்கிறது. அந்தக் கால்வாய்க்கு எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி, கையில் கிடைத்த பெருஞ்செல்வத்தை என்ன செய்வது என்று பொதிகை மலையில் அகத்தியரிடம் கேட்டானாம். ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போ, அது நடக்கிற வழியே கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்றாராம் அவர்.

பேரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான். பசுவுக்கு என்ன நிறம், வாலைப் பிடித்தால் உதைக்காதா என்று கேட்பான். பதினான்கு வயதில் ஒருநாள் கால்வாய்க் கரையில் நடந்து வரும்போது திடீரென்று, "தாத்தா, பசு மேட்டுல ஏறுனா தண்ணி எப்படி ஏறும்?" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. இத்தனை வயதுக்கு நான் அதை யோசித்ததில்லை. ஆனால் "ஆகா" என்று ஒன்றும் சொல்லவில்லை. "ஏலே, அப்பம் வெட்டுனவனுக்கு மட்டம் தெரிஞ்சிருக்கணும். நம்ம வயல்லயே ஒரு மூலையில தண்ணி நிக்குது, ஒரு மூலையில காயுது. நீ பாத்துச் சொல்லு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலை இரவல் வாங்கிவிட்டான். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயை இரண்டு முனையிலும் ஆள் பிடிக்க வேண்டும். கீழத்தெருவிலிருந்து கூடப் படிக்கும் ஒரு பையனைக் கூட்டி வந்தான். நாலு மூலையும் நடுவும் அளந்து ஒரு நோட்டுத் தாளில் படம் போட்டு, மேல மூலைக்கும் கீழ மூலைக்கும் மூன்று அங்குல வித்தியாசம் என்றான். பரம்படிக்கும்போது மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போட வேண்டும் என்று டிராக்டர்காரரிடமும் அவனே பேசினான். அந்த முறை களை குறைந்தது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் மூன்று மரக்கால் விதைப்பாட்டை அவன் பொறுப்பில் விட்டேன். இருபத்தைந்து சென்டுக்குச் சற்றுக் குறைவு. பெயருக்குக் கொடுக்கவில்லை. விதை, உரம், தொளி அடிக்கிற (சேற்றில் உழுகிற) செலவு, நடுகைக் கூலி எல்லாம் அவன் கணக்கு. முதலை நான் கடனாகக் கொடுத்தேன், அறுப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், மிச்சம் அவனுக்கு. ஆச்சிக்குக் கோபம். "படிக்கிற பிள்ளைகிட்ட கடன் கணக்கு பாக்கிறீயளே" என்றாள். சும்மா கொடுத்தால் அது விளையாட்டு, கடன் என்றால்தான் அவனுக்கு மதிப்பு என்று எனக்குப் பட்டது.

கார் பருவத்துக்கு அம்பை 16 போட்டான். நான்தான் சொன்னேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இருக்கிறது. அங்கிருந்து 1986-இல் வந்த ரகம் இது. குறுகிய காலத்தில் விளையும், குண்டரிசி, இட்லிக்கு நன்றாக இருக்கும், விற்பதும் சுலபம். அவன் கணக்கு நோட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'தாத்தா டீ: 12 ரூபாய்' என்று ஒரு வரி. அவன் வயலைப் பார்க்க வந்த அன்று நான் குடித்த டீயைச் செலவில் எழுதியிருக்கிறான். நான் ஆட்சேபிக்கவில்லை. செலவு எழுதுகிற பழக்கம் இந்த வயதில் வந்துவிட்டால் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவன் கையில் இருக்கும் பணத்துக்கு நான் கணக்குக் கேட்பதும் இல்லை. கேட்காததால்தான் காட்டுகிறான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் 2023 டிசம்பர் வெள்ளம். அவன் ஒன்பதாம் வகுப்பு. 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கால்வாயை ஒட்டிய பள்ளத் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் கோபுரம் வேலை செய்யவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிய வழியில்லை.

பையன் முதலில் அம்மாவை நினைத்து அழுதுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "தாத்தா, தனியா இருக்கிற வயசானவங்க யாரு யாருன்னு சொல்லுங்க" என்றான். மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்து ஊரில் ஒவ்வொரு கதவும் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை, எந்த வீட்டில் இன்சுலின், யாருக்குக் காது கேட்காது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினான். அப்புறம் அவனும் அவன் கூட்டாளிகளும் பெரிய ஆட்கள் இரண்டு பேரோடு தெருத் தெருவாகப் போனார்கள். காது கேட்காத ஒரு ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆச்சி, "ஏ பிள்ளைகளா, என்னைய எங்கலே தூக்கிட்டுப் போறிய, நான் இன்னும் சாகலலே" என்று சத்தம் போட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு நான் அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கலாம். மகள் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள், அதுவும் நியாயம்தான். நான் போட்ட நிபந்தனை இரண்டு: ஓடுகிற தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, பெரியவர் கண்ணை விட்டுப் போகக் கூடாது. இரண்டையும் காப்பாற்றினான். மறுநாள் மகள் வந்து சேர்ந்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகை அதுவரை காத்திருந்தது.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். திருநெல்வேலிச் சீமையில் பையன் வளர்ப்பைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் போக முடியாது. பத்தாம் வகுப்பில் ஒருநாள் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் ஒரு கயிற்றோடு வந்தான். கோயில் கொடை விழாவில் அண்ணன்மார் கட்டிவிட்டார்களாம். எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாங்குநேரி எங்களுக்குத் தூரமில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே பிளஸ் டூ படித்த ஒரு மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒன்று.

நான் கயிற்றைப் பிடித்து அறுக்கவில்லை. அறுத்திருந்தால் பள்ளிக்கூடம் போகிற வழியில் இன்னொன்று கட்டியிருப்பான். அன்று சாயங்காலம் வயலில் வைத்து, தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் நடந்த கலவரங்களைச் சொன்னேன். எந்தக் கட்சி சரி என்று சொல்லவில்லை. கேஸ் என்று அலைந்து நிலத்தை விற்றவர்கள் யார், படிப்பு நின்றுபோனவர்கள் யார், இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆட்களைச் சொன்னேன். அன்றைக்கு அவர்களைத் தூண்டிவிட்டவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பதையும் சொன்னேன். கடைசியாக, "டியூப் லெவல் பிடிச்சானே, அவன் இதைப் பாத்தா என்ன நினைப்பான்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. இரண்டு நாள் கயிறு கையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் இல்லை. நானும் கேட்கவில்லை.

பேச்சைவிட வீட்டில் நடப்பதைத்தான் பையன்கள் பார்க்கிறார்கள். கீழத்தெருப் பையன் வந்தால் எங்கே உட்காருகிறான், ஆச்சி எந்த டம்ளரில் காபி கொடுக்கிறாள் என்பதை அவர்கள் இரண்டு பேரும் கவனிப்பார்கள். என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் அதற்குத் தனி டம்ளர் இருந்தது. ஆச்சி அந்தப் பழக்கத்தை என்றைக்கோ விட்டுவிட்டாள். இப்போது இரண்டு பேருக்கும் பட்டாசாலையில் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்துப் பரிமாறுகிறாள். "ரெண்டும் ஒரே மாதிரி திங்குது, அரிசிதான் பத்தல" என்று அலுத்துக்கொள்வாள்.

பேரன் என்னிடம் சொல்லும் ரகசியங்களை மகளிடம் சொல்வதில்லை. யாரைப் பார்த்து வெட்கப்படுகிறான், எந்தப் பாடத்தில் பயம் என்பதெல்லாம் எங்களுக்குள் இருக்கும். ஆனால் ஆறு, வண்டி, குடி ஆகிய மூன்றில் மட்டும் ரகசியம் கிடையாது, தெரிந்தால் அன்றே அம்மாவுக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதேபோல மகள் அவனைக் கண்டிக்கும்போது நான் குறுக்கே போவதில்லை. எனக்குச் சரியில்லை என்று பட்டால் அவன் இல்லாதபோது அவளிடம் பேசுவேன்.

ஆற்றுக்கு வருவோம். நீச்சல் நானே சொல்லிக் கொடுத்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாமல் இருப்பது ஆபத்து. ஆனால் நீச்சல் தெரிந்த பையன்களும் மூழ்கிப் போகிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பழகிய துறைகளிலேயே ஆழம் மாறிவிட்டது. தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது. அணையில் தண்ணீர் திறந்தால் இறங்கவே கூடாது. யாராவது மூழ்கினால் கூடக் குதித்துவிடாதே, வேட்டியோ கயிறோ கம்போ எறி, சத்தம் போடு என்று கரையில் வைத்துச் செய்து காட்டியே பழக்கினேன்.

வண்டிதான் பெரிய சண்டை. கிராமத்தில் மீசை முளைக்கும் முன்னே பையன் கையில் வண்டியைக் கொடுத்து, மாட்டுக்குப் புல் எடுத்து வரச் சொல்வது சர்வசாதாரணம். "எல்லாரும் ஓட்டுதாங்க தாத்தா" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சட்டத்தை எடுத்துக் காட்டினேன். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்கு மட்டும் உரிமம் உண்டு. என் ஸ்கூட்டர் உட்பட இப்போது கடையில் விற்கும் பெட்ரோல் வண்டி பெரும்பாலும் அதற்கு மேல். மற்றதற்கெல்லாம் 18. சிறுவன் ஓட்டிச் சிக்கினால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. அந்தக் கடைசி வரிதான் அவனைத் தடுத்தது. 25 வயது என்பது அவனுக்கு ரொம்பத் தூரம்.

இல்லை என்று மட்டும் சொன்னால் அடைபட்டதுபோல் இருக்கும். வண்டியைக் கழுவுவது, ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் பழக்கிவிட்டேன். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனான். அதையும் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுவான். இப்போது தெருவில் நாலு பேர் வண்டி பார்க்க அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். பதினெட்டு ஆனதும் என் ஸ்கூட்டர் அவனுக்கு என்று எழுதாத ஒப்பந்தம்.

படிப்பைப் பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள்தான் அவனை அதிகம் நோகடிக்கின்றன. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும், "நீட்டாடே, ஜேஇஇயாடே?" என்று ஆரம்பிப்பார்கள். அவனுக்கு நில அளவை, கால்வாய், அணை என்று ஆசை. சிவில் படிக்க வேண்டும் என்கிறான். சில நாள் வேளாண்மை என்கிறான். மாறட்டும். நான் அவனைப் பள்ளி விடுமுறையில் நெல்லை அரசு பொறியியல் கல்லூரி வாசலுக்கும், வல்லநாடு பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கும் கூட்டிப்போனேன். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் அவனே பேசினான், நான் மரத்தடியில் இருந்தேன். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கலந்தாய்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவனுக்கும் உண்டு என்று ஒரு சித்தப்பா அடித்துச் சொன்னார். இவன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, அந்த ஒதுக்கீட்டில் அது வராது. இது தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற வீடுகள் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் அந்தக் கேள்வி வரும்போது நான் அவனுக்காகப் பதில் சொல்வதில்லை. அவன் என்னைப் பார்ப்பான். நான் இலையில் அவியலைப் பார்ப்பேன். "சிவில் பாக்கலாம்னு இருக்கேன் பெரியப்பா" என்று அவனே சொல்லிவிடுவான். அந்தக் குரல் இப்போது உடைந்து கட்டையாகிவிட்டது. போனில் மருமகனே நான் பேசுவதாக நினைத்து, "மாமா, சொல்லுங்க" என்கிறார்.

வருகிற பிசானத்தில், அதாவது இரண்டாம் போகத்தில் ஒரு சிக்கல். பயிர் கதிர் வாங்கி அறுப்புக்கு வருகிற நேரமும் அவன் பிளஸ் டூ பரீட்சையும் முட்டும். வயலை அந்தப் பருவத்துக்குத் திருப்பித் தந்துவிடு என்றேன். யோசித்துவிட்டு மறுநாள் நோட்டோடு வந்தான். வயல் அவனிடமே இருக்குமாம். டிசம்பரிலிருந்து அறுப்பு வரை நான் மேற்பார்வை பார்க்க வேண்டுமாம், அதற்குக் கூலி உண்டாம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தான். ஊரில் நடக்கும் கூலியில் பாதிக்கும் குறைவு. கேட்டால், "நீங்க பாதி நேரம் வரப்புல உக்காந்து பேசிக்கிட்டுத்தான இருப்பீய தாத்தா" என்கிறான். டீச் செலவைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு சம்மதித்துவிட்டேன்.